கறுப்புத் துணி, பளிச் நிறங்கள்: ஆப்பிரிக்க பாணிக் கைத்தையல் நெளியாமல், சாயம் இறங்காமல் வர

கேள்வி (குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி): ஆப்பிரிக்கப் பெண்கள் கறுப்புத் துணியில் பளிச்சென்ற நிறங்களில் போடும் கை எம்பிராய்டரியைப் படத்தில் பார்த்து ஆசைப்பட்டு, ஒரு தலையணை உறை போட்டேன். கறுப்பு பிளவுஸ் துணி, பன்னிரண்டு நிற நூல். முடித்து ரிங்கைக் கழற்றினால் துணி பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது. துவைத்ததும் சிவப்புச் சாயம் பக்கத்து வெள்ளையில் இறங்கிவிட்டது. எனக்கு வயது 52. ஆரி வகுப்புக்குப் போகும் எண்ணம் இல்லை. சாயங்காலம் ஒரு மணி நேரம் மனசு லேசாகும்படி ஒரு கைவேலை வேண்டும், அவ்வளவுதான். எங்கே தப்பு? மறுபடி எப்படித் தொடங்குவது?

பதில்: துணியில் தொடங்கிய தப்பு இது. பிளவுஸ் துணி மெல்லியது. நீங்கள் பார்த்த வகை எம்பிராய்டரியில் உருவம் முழுக்க நூலால் நிரப்பப்படும். ஒவ்வொரு தையலும் துணியைக் கொஞ்சம் இழுக்கும்; நூற்றுக்கணக்கான தையல் ஒரே இடத்தில் சேரும்போது மெல்லிய துணி தாங்காது. ரிங்கில் இருக்கும்வரை அந்த இழுப்பு தெரியாது, கழற்றியதும் வெளிப்படும். கறுப்புச் சாயம் போட்ட கனமான காடா, அல்லது கேஸ்மென்ட் துணி வாங்குங்கள். 36 அங்குல அகலத்தில் அரை மீட்டர் எடுத்தால் 24 செ.மீ. சதுரத் துண்டுகள் ஆறு கிடைக்கும். வெட்டுவதற்கு முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, அலசி, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்டுவிடுங்கள். புதுப் பருத்தித் துணி முதல் நனைப்பில் மீட்டருக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர்கூட சுருங்கும். தையல் போட்ட பிறகு அது சுருங்கினால் நூல் சுருங்காமல் மேலே தூக்கி நிற்கும். உங்கள் உறை துவைத்தபின் இன்னும் மோசமாகியிருந்தால் காரணம் இதுதான்.

ரிங் ஆறு அங்குலம் போதும். உள்வளையத்தைச் சுற்றி அரை அங்குலப் பருத்தி நாடாவை ஒருமுறை இறுக்கிச் சுற்றித் தைத்துக்கொண்டால் துணி நழுவாது. துணியைப் போட்டபின் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மட்டும் இழுத்துச் சரிசெய்யுங்கள். மூலைவாக்கில் இழுத்தால் இழை கோணிக்கொள்ளும், கழற்றியதும் உருவமும் கோணலாகும். ஆரியில் துணி நாலு பக்கமும் கட்டில் சட்டத்தில் கட்டப்பட்டிருப்பதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு; கை ரிங்கில் நாம்தான் கவனிக்க வேண்டும். வேலை முடிந்ததும் தினமும் ரிங்கைக் கழற்றி வையுங்கள். வளையத் தடம் பதியாது. நெளிவு ஆரம்பித்திருந்தால் அன்றைக்கே கண்ணில் படும்.

கெட்டுப்போன உறையைத் தூக்கிப் போட வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, முறுக்காமல் துண்டில் ஒற்றி எடுங்கள். ஒரு பலகைமேல் டவலை விரித்து, அதன்மேல் தையல் பக்கம் கீழே வரும்படி போட்டு, ஓரத்தை ஒவ்வொரு அங்குலத்துக்கும் துருப்பிடிக்காத குண்டூசி குத்தி இழுத்துக் காயவிடுங்கள். லேசான நெளிவு போய்விடும். அதன்பிறகும் தூக்கி நிற்கும் இடத்தில் நூல் அதிகம் இறுகியிருக்கிறது என்று பொருள். அந்தப் பகுதியை மட்டும் பிரித்துப் போடுங்கள். ஒன்றுக்குள் ஒன்று கோத்த கண்ணிகளாக வரும் சங்கிலித் தையலைப் பிரிப்பது சுலபம். கடைசிக் கண்ணியைப் பிடித்திருக்கும் சிறு தையலை வெட்டி நூலை இழுத்தால் வரிசையாக உருவிவரும்.

இனி நிறம். ஆப்பிரிக்கா முழுவதற்கும் ஒரே பாணி என்று ஒன்று கிடையாது. நீங்கள் பார்த்தது தென்னாப்பிரிக்காவின் வடபகுதி வேலையாக இருக்கலாம். அங்கே வின்டர்வெல்டில் 1991 முதல் இயங்கும் மாபுலா குழுவின் பெண்கள் கறுப்புத் துணியில் மனிதர், மரம், வீடு, ஊர்ச் செய்தி என்று நிரப்பித் தைக்கிறார்கள். காங்கோவின் கூபா மக்கள் செய்யும் துணி வேறு வகை. அதில் ராஃபியா பனைநார்த் துணியை ஆண்கள் நெய்வார்கள். பெண்கள் அதன்மேல் கோடும் கட்டமுமாகத் தைத்து, சில இடங்களில் நாரைக் கத்தரித்து வெல்வெட் போல நிற்கவிடுவார்கள். நிறம் மூன்று நான்குதான்: மங்கிய மஞ்சள், மரச்சிவப்பு, கறுப்பு. (அந்தக் கத்தரித்த தையலை நம் பருத்தித் துணியில் முயல வேண்டாம். முடிச்சே இல்லாமல் நாரைப் பிடித்துக்கொள்வது அந்த நெசவின் இறுக்கம். நம் துணியில் உதிர்ந்துவிடும்.) கானாவின் கென்டே நெசவு, மேற்கு ஆப்பிரிக்காவில் உடுத்தும் அங்காரா என்ற அச்சுத்துணி ஆகிய இரண்டிலிருந்தும் நிறச்சேர்க்கையை எடுத்துக்கொள்ளலாம், தையல் கிடையாது.

பன்னிரண்டு நிறம் உங்களுக்குத் தேவையில்லை. பளிச்சென்று தெரிவது பக்கத்தில் இருக்கும் நிறத்தாலும் இடையே விடும் கறுப்பாலும்தான். மஞ்சள், ஆரஞ்சு, மயில்நீலம் இந்த மூன்றோடு கொஞ்சம் வெள்ளை என்று தொடங்குங்கள். இரண்டு நிறம் சந்திக்கும் இடத்தில் இரண்டு மில்லிமீட்டர் துணியை வெறுமனே விட்டால், அந்தக் கறுப்புக் கோடே இரண்டையும் தூக்கிக் காட்டும். முழுக்க அடைத்துத் தைத்தால் நிறங்கள் ஒன்றையொன்று மங்கடிக்கும், துணியும் நெளியும். என் கருத்தில், இந்த வேலையின் அழகில் பாதி அந்த விட்ட இடத்தில் இருக்கிறது.

ஒரே தையல், சங்கிலி. அதையே நெருக்கமாக வரிசை வரிசையாகப் போட்டால் உருவம் நிரம்பும். ஆறு புரி பருத்தி எம்பிராய்டரி நூலில் மூன்று புரியைப் பிரித்தெடுங்கள். ஒவ்வொரு புரியாக உருவி மறுபடி சேர்த்தால் முறுக்கு விழாது. ஊசி ஏழாம் நம்பர். நம்பர் ஏற ஏற ஊசி மெலியும், ஒன்பதில் மூன்று புரி கோப்பது பாடு. நூல் ஒரு முழம், அதாவது 45 செ.மீ., அதற்குமேல் வேண்டாம். நீளமான நூல் துணிக்குள் போய்வந்து பிசிர் தட்டி மங்கிவிடும். கண்ணி ஒவ்வொன்றும் மூன்று மில்லிமீட்டர், வரிசைக்கு வரிசையும் மூன்று மில்லிமீட்டர். நூலை இழுக்கும்போது கண்ணி உருண்டையாக நின்றதும் நிறுத்துங்கள். ஒடுங்கிக் கோடாகிவிட்டால் இழுப்பு அதிகம். சங்கிலிக்கு, போட்ட கோட்டைப்போல் மூன்று மடங்கு நூல் செலவாகும். அந்தக் கணக்கில் எட்டு மீட்டர் கட்டு ஒன்று, 10 செ.மீ. சதுரத்தை நிரப்பிக் கொஞ்சம் மிஞ்சும். அவசரமில்லாமல் போட்டால் அந்தச் சதுரம் மூன்று நான்கு மணி நேரம், உங்களுக்கு மூன்று நான்கு சாயங்காலம்.

முதலில் வெளிக்கோடு, பிறகு அதை ஒட்டி உள்நோக்கிச் சுற்றிச் சுற்றி நிரப்புங்கள். எல்லா வரிசையும் ஒரே திசையில் போனால் துணி அந்தப் பக்கமே இழுபடும். சுற்றிப் போகும்போது இழுப்பு எல்லாப் பக்கமும் பரவும். பட்டு மாதிரி பளபளக்கும் ரேயான் நூலைத் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள், வழுக்கி வழுக்கிப் பொறுமையைத் தின்னும்.

கறுப்பில் படம் ஏற்ற மஞ்சள் அல்லது வெள்ளை கார்பன் பேப்பர் போதும். ஆரிக்கு டிரேசிங் போடுகிறவர்களிடம் கொடுத்தாலும் சரி. துளையிட்ட தாளின்மேல் ஜிங்க் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்துத் தேய்த்துத் தருவார்கள். அந்தப் பொடிக்கோடு கைபட்டால் உதிரும், எனவே முதல் நாளே வெளிக்கோட்டைத் தைத்துவிடுங்கள். கூபா பெண்கள் படம் வரையாமல் மனதிலிருந்தே தைக்கிறார்கள். கட்டம் பாதியில் வேறு கட்டமாக மாறுவது அங்கே குறையாகப் பார்க்கப்படுவதில்லை. இரண்டாவது துண்டில் சாக்பீஸால் நாலு கோடு மட்டும் இழுத்து அப்படிப் போட்டுப் பாருங்கள். மனசு லேசாவதற்கு அதுதான் நல்ல வழி.

சாயத்துக்கு வருவோம். தொடங்குமுன் ஒவ்வொரு நிறத்திலும், கறுப்புத் துணியிலும் சோதனை அவசியம். ஒரு சாண் நூலைச் சோப்புத்தூள் கலந்த வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு, ஈரத்தோடு வெள்ளைக் கைக்குட்டையில் வைத்து இஸ்திரி போடுங்கள். கறை பட்டால் அந்த நூல் கட்டு முழுவதையும் தண்ணீர் தெளியும்வரை அலசிக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். எத்தனை அலசினாலும் தெளியாத சிவப்பை விட்டுவிடுவதே நல்லது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். சாயத் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு, நூல் நிறத்தை வாங்கிக்கொள்ள உதவும். கடையில் வாங்கிய நூலில் ஒட்டாமல் மிஞ்சியிருக்கும் சாயத்தை அது கட்டிப்போடாது.

ஏற்கெனவே இறங்கிய கறைக்கு: இஸ்திரி போடாமல் இருந்தால் வாய்ப்பு உண்டு. பெரிய வாளி நிறைய வெந்நீர், கொஞ்சம் திரவச் சோப்பு, துணி மடியாமல் மூழ்கும்படி பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஊறட்டும். தண்ணீர் சிவந்தால் மாற்றி மறுபடி. தண்ணீர் குறைவாக இருந்தால் கழன்ற சாயம் திரும்ப நூலிலேயே ஏறும். அப்படியும் போகாத வெள்ளையைப் பிரித்துவிட்டு அங்கே ஆரஞ்சு போடுங்கள். உங்கள் வீட்டில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்புக் கட்டி வேண்டாம், கறுப்புத் துணியில் வெண்படலம் படியும். வேலூர் வெயிலில் காயப்போடவும் வேண்டாம், கறுப்பு பழுப்பாகிவிடும்.

கண்ணுக்கு ஒரு சிறு ஏற்பாடு: மடியில் வெள்ளை வேட்டித் துண்டை விரித்துக்கொண்டால் கறுப்புத் துணியின் இழை தெளிவாகத் தெரியும். கத்திரி வெயில் நாட்களில் கை வியர்க்கும், வெள்ளை, மஞ்சள் நூலைக் காலையில் போட்டுவிட்டு மற்ற நிறங்களைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குடியாத்தத்தில் இருப்பதால் இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. நைஜீரியாவின் நைஜர் கழிமுகத்தில் வாழும் கலபரி மக்கள், மெட்ராஸிலிருந்து கப்பலில் போன கட்டம்போட்ட துணியை எடுத்து, ஊசியால் இழையைத் தூக்கி வெட்டி உருவி, புது வடிவம் கொண்டுவருவார்கள். வெட்டிய துணி என்ற பொருளில் அதற்குப் பெலேட்டே பிட்டே என்று பெயர். உங்கள் ஊர் கைத்தறி லுங்கித் துணியில் இதைச் செய்யலாம். ஒரு கட்டத்துக்குள் வெளிர்நிற இழைகளை மட்டும் ஒன்றுவிட்டு ஒன்றாகத் தூக்கி, இரு முனையிலும் நுனிக்கத்திரியால் வெட்டி உருவுங்கள். அடர்நிற இழைகள் நிற்கும், துணி அங்கே சல்லடையாகும். முதல் துண்டில் நீளவாக்கில் ஓடும் பாவு இழையை மட்டும், அல்லது குறுக்கே ஓடும் ஊடை இழையை மட்டும் எடுங்கள். ஒரே இடத்தில் இரண்டையும் அதிகம் வெட்டினால் ஓட்டை விழும். விசைத்தறி லுங்கி இறுக்கமாக இருந்தால் இழை தூக்க வராது. நகத்தால் நகர்த்திப் பார்த்து, இழை நகரும் துணியாக வாங்குங்கள். ஓரத்தை மடித்துத் தைத்தபின் வெட்ட ஆரம்பித்தால் பிரிந்து வராது.