வாய்தாவுக்குப் போகக் காசில்லையா?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. நாகர்கோவில் கோர்ட்டில் என்மேல் ஓர் அடிதடி வழக்கு. இந்த வாய்தாவுக்குப் போக பஸ் காசுகூட இல்லை. என்ன செய்வது?
- ஒரு வாசகி

பதில்: தகவல் சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள், அம்மா. பிடிவாரண்ட் வந்தால் அலைச்சல் பல மடங்காகும். வக்கீலிடம் இன்றே பேசுங்கள். வாய்தா அன்று அவர் ஆப்சென்ட் பெட்டிஷன், அதாவது நீங்கள் வர முடியாததைப் பொறுத்துக்கொள்ளக் கேட்கும் மனு, போடலாம். கோர்ட்டில் இதை இன்னும் பழைய சட்டப் பிரிவின் எண்ணால் ‘317’ என்றுதான் சொல்வார்கள்; 2024 ஜூலை முதல் அது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 355-வது பிரிவு. காய்ச்சல் என்றெல்லாம் எழுத வேண்டாம். காசில்லை என்ற உண்மையையே எழுதச் சொல்லுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஏற்பதும் மறுப்பதும் மாஜிஸ்திரேட் முடிவு. வக்கீலே இல்லையா? சட்ட உதவி எண்ணான 15100-க்கு போன் செய்யுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு.