அமெரிக்காவில் கீழே கிடக்கும் கழுகு இறகை எடுத்தால் குற்றமா? பழங்குடியினருக்கு மட்டும் ஏன் விலக்கு?

ஆம், குற்றம்தான். தானாக உதிர்ந்த இறகானாலும் சரி. வெண்தலைக் கழுகைக் காக்க 1940-இல் வந்த சட்டம், 1962-இல் பொன்னிறக் கழுகுக்கும் நீண்டது. இறகு கீழே கிடந்ததா, பறவையைச் சுட்டுப் பிடுங்கியதா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அதனால்தான் இந்தக் கெடுபிடி.

பழங்குடியினருக்கான விலக்கு சலுகை அல்ல, வழிபாட்டு உரிமை. லகோட்டா போன்ற மக்களுக்குக் கழுகு வேண்டுதல்களை மேலே சுமந்து செல்லும் தூதன். பவ்வவ் எனும் ஆட்டக்கூடலில் ஒரு கழுகிறகு தரையில் விழுந்தால் ஆட்டமே நின்றுவிடும். பெரும்பாலும் முன்னாள் படைவீரர்கள்தான் அதைச் சடங்கோடு எடுப்பார்கள்.

சரி, இறகு எங்கிருந்து கிடைக்கிறது? மின்கம்பியிலோ வண்டியிலோ அடிபட்டுச் செத்த கழுகுகள் கொலராடோவிலுள்ள தேசியக் கழுகுக் களஞ்சியத்துக்கு வருகின்றன. அரசு அங்கீகரித்த பழங்குடியைச் சேர்ந்த, 18 வயது நிரம்பியவர்கள் விண்ணப்பித்தால் இலவசமாக அனுப்புவார்கள். ஆனால் இளம் பொன்னிறக் கழுகு முழுதாக வேண்டுமென்றால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும்; கருநுனி கொண்ட அதன் வெள்ளை வால் இறகுக்கு அவ்வளவு கேட்பு. தங்கள் முன்னோரின் பொருளுக்கே விண்ணப்பப் படிவம் நிரப்புவது பலருக்கும் கசப்புதான். கிடைத்ததைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், விற்கக் கூடாது.