மொய் நோட்டில் ஏறாத பரிசு

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் சபையில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் ‘கிறிஸ்மஸ் ஃப்ரெண்ட்’ சீட்டு எடுப்பார்கள். 300 ரூபாய்க்குள் பரிசு வாங்க வேண்டும். போன வருஷம் என் மகளுக்கு வசதியான வீட்டுப் பிள்ளையின் பெயர் வந்தது. இவள் பத்து நாள் உட்கார்ந்து உல்லன் நூலில் ஒரு பை பின்னிக் கொடுத்தாள். அந்தப் பிள்ளை பிரித்துப் பார்த்துவிட்டு பெஞ்சிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டது. இந்த வருஷம் சீட்டே எடுக்க மாட்டேன் என்கிறாள். “வசன ஃப்ரேம் ஒன்று வாங்கிக் கொடு, அதுதான் கிறிஸ்தவப் பரிசு, யாரும் குறை சொல்ல முடியாது” என்கிறார் அவள் அப்பா. கிறிஸ்மஸுக்குப் பரிசு என்று ஒன்று வேண்டுமா? வேண்டுமென்றால் கர்த்தருக்குப் பிரியமான பரிசு எது?

எஸ்., கடலூர்

அன்புள்ள எஸ்.,

பெஞ்சில் கிடந்த அந்தப் பை இரண்டு நாளாக என் கண்ணைவிட்டுப் போகவில்லை. அதை யாராவது எடுத்து வைத்தார்களா? உங்கள் வீட்டில் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கிறிஸ்மஸ் பரிசு என்றதும் நாம் பிள்ளை இயேசுவைப் பார்க்கக் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகளிடம்தான் போவோம்: பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம். (வந்தவர்கள் மூன்று பேர் என்று மத்தேயு எழுதவில்லை. பரிசுதான் மூன்று.) எனக்கு அதைவிட நெருக்கமானது லூக்கா சுவிசேஷம் 2-ம் அதிகாரத்தில் வருகிறது. பிள்ளையை எருசலேம் தேவாலயத்துக்குக் கொண்டுபோனபோது மரியாளும் யோசேப்பும் செலுத்த வேண்டிய பலியாக லூக்கா சொல்வது ஒரு ஜோடு காட்டுப்புறா, அல்லது இரண்டு புறாக்குஞ்சு. பிள்ளை பெற்றவள் ஒரு வயது ஆட்டுக்குட்டி கொண்டுவர வேண்டும், அதற்கு வக்கில்லாவிட்டால் இரண்டு புறா போதும் என்கிறது பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் 12. அதாவது, ஆட்டுக்குட்டி வாங்க முடியாத வீடு அது. அதை மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார் லூக்கா. உங்கள் மகளிடம் இந்த இடத்தை வாசித்துக் காட்டுங்கள். பத்து நாள் பின்னிய பையைக் கொண்டுபோனவள் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வசன ஃப்ரேம் பற்றி உங்கள் வீட்டுக்காரர் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. வசனத்தின்மேல் குறையில்லை. “யாரும் குறை சொல்ல முடியாது” என்பதுதான் இடிக்கிறது. நம் வீட்டுச் சுவர்களில் ஏற்கெனவே நாலைந்து ஃப்ரேம் தொங்குகின்றன, எல்லாம் யாரோ நமக்குப் பாதுகாப்பாகக் கொடுத்தவை. வாங்குகிறவரின் முகம் நினைவில் இல்லாதபோது நாம் வசனத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறோம். கண் மங்கிப்போய், பொடி எழுத்துப் புத்தகத்தை மூடிவைத்துவிட்ட ஒரு பாட்டிக்குப் பெரிய எழுத்து வேதாகமம் வாங்கிக் கொடுங்கள். அங்கே வசனமே பரிசாகிவிடுகிறது, அந்தக் கண்ணை யாரோ கவனித்திருக்கிறார்கள் அல்லவா?

கவனிப்பது என்றால் என்ன என்று நான் என் அம்மாவிடம் பார்த்தேன். 2004-ல் நாங்கள் மஞ்சக்குப்பத்தில் இருந்தோம். சனிக்கிழமை கிறிஸ்மஸ். மறுநாள் 26-ம் தேதி ஞாயிறு காலையில் கடல் ஏறி வந்தது. தேவனாம்பட்டினத்துச் சனங்கள் கட்டின துணியோடு ஊருக்குள் ஓடி வந்தார்கள். அடுத்தடுத்த நாட்களில் வெளியூர்களிலிருந்து லாரி லாரியாகப் பழந்துணி வந்து இறங்கியது. சாலையோரம் குவிந்து, யாரும் தொடாமல் மண்ணில் புரண்டது. அம்மா கிறிஸ்மஸுக்கு ஒரே ஒரு நாள் கட்டிய புதுப் புடவையை எடுத்துக்கொண்டு சனங்கள் தங்கியிருந்த கல்யாண மண்டபத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். ஒரு பெண் அதை வாங்கி, தடவிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்: “புடவை நிறைய வருதும்மா. உள்பாவாடைதான் யாரும் குடுக்கல. எதுல சொருவிக் கட்டுறது?”

அம்மா அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவுக்குப் போய்ப் பன்னிரண்டு பாவாடை வாங்கினார். சிலவற்றில் நாடா இல்லை. அன்று ராத்திரி தரையில் உட்கார்ந்து, ஊக்கில் நாடாவைக் குத்தி, விரலால் தள்ளித் தள்ளி இடுப்பு மடிப்புக்குள் ஓட்டி எடுத்தார். ஒன்றில் ஊக்கு உள்ளேயே திறந்துகொண்டு குத்திவிட்டது. ரத்தம் படாமல் துணியைத் தள்ளி வைத்துவிட்டு விரலை வாயில் வைத்துக்கொண்டார். கிறிஸ்மஸ் பரிசு என்றால் இன்றைக்கும் எனக்கு அந்த நாடாதான்.

நம் கடற்கரைக்கு டிசம்பர் அப்படிப்பட்ட மாதம். 2011-ல் தானே புயல் டிசம்பர் 30-ல் வந்தது. 2024-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, தென்பெண்ணை பெருகிக் கடலூருக்குள் வந்தபோது கிறிஸ்மஸுக்கு ஆயத்தமாகும் ஆகமன காலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. யாருக்கு என்ன தேவை என்று தேடி அலைய வேண்டியதே இல்லை நமக்கு.

லூக்கா 14-ல் இயேசு விருந்தைப் பற்றிச் சொல்வதையும் பாருங்கள். நண்பரையும் சொந்தக்காரரையும் ஐசுவரியமுள்ள அயலாரையும் கூப்பிடாதே, அவர்கள் திருப்பிக் கூப்பிட்டால் உனக்குச் சரிக்குச் சரியாகிவிடும் என்கிறார். மொய் நோட்டு வைத்திருக்கும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். மொய் தவறென்று நான் சொல்லவில்லை, எத்தனையோ ஏழை வீட்டுக் கல்யாணம் அதில்தான் நடந்திருக்கிறது. ஆனால் கிறிஸ்மஸ் பரிசு அந்த நோட்டில் ஏறக்கூடாது. 4-ம் நூற்றாண்டில் மீரா பட்டணத்து ஆயராக இருந்த, பிற்பாடு கிறிஸ்மஸ் தாத்தா கதைக்கு மூலமான நிக்கொலாசைப் பற்றியும், வரதட்சணைக்கு வழியில்லாத மூன்று பெண்களின் வீட்டில் ராத்திரியில் தெரியாமல் பொன்முடிப்பு போட்டார் என்றுதான் கதை வழங்குகிறது.

இங்கே புதுச்சேரியில் எதிர்வீட்டு அம்மா பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் தருகிற தூக்கில்தான் நான் கிறிஸ்மஸுக்கு அச்சு முறுக்கு அனுப்புவேன். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்று எங்கள் இருவருக்குமே அம்மாக்கள் சொல்லித்தந்திருக்கிறார்கள். எத்தனை முறுக்கு, எவ்வளவு பொங்கல் என்று நாங்கள் எண்ணியதில்லை.

உங்கள் மகள் இந்த வருஷமும் சீட்டு எடுக்கட்டும். யார் பெயர் வந்தாலும் ஒன்றிரண்டு ஞாயிறு அந்தப் பிள்ளையைப் பார்க்கட்டும். பேனா ஒழுகுகிறதா, மழையில் நனைந்துகொண்டு வருகிறதா, பாட்டுப் புத்தகம் கிழிந்திருக்கிறதா? 300 ரூபாய் என்பது உச்சவரம்புதான், 60 ரூபாயில் முடிந்தால் முடியட்டும். வரம்பைக் குறைக்கும்படி நீங்களே ஆசிரியையிடம் கேளுங்கள். இன்னும் நாலு தாய்மார் அதைச் சொல்லத் தயங்கிக்கொண்டு இருப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லிக் கொடுங்கள். அவள் பெயரையும் ஒரு பிள்ளை எடுத்திருக்கும். அது கொடுப்பதை அதன் முன்னாலேயே பிரித்து, அதில் பிடித்தது எதுவென்று வாய்திறந்து சொல்லட்டும். போன வருஷம் தனக்குக் கிடைக்காததை இவள் கொடுக்கலாம்.

சில மாதம் கழித்து, படகுகள் மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கிய பிறகு, அந்த மண்டபத்துப் பெண் எங்கள் வீட்டைத் தேடி வந்தாள். சட்டி நிறையச் சங்கரா மீன். அம்மா பர்ஸை எடுத்ததும் அவள் முகம் மாறிவிட்டது. “காசு குடுத்தீங்கன்னா தூக்கிட்டுப் போயிடுவேன்” என்றாள். அம்மா பர்ஸை மூடிவிட்டு, இரண்டு கையாலும் சட்டியை வாங்கிக்கொண்டார். மறுநாள் சட்டிக்கு வந்தாள். எந்தப் பாத்திரத்தையும் வெறுமையாகத் திருப்பி அறியாத என் அம்மா, அதைப் புளிபோட்டுத் தேய்த்து, துடைத்து, வெறுமையாகவே அவள் கையில் கொடுத்தார்.

அன்புடன்,
அக்கா