மோர்பாத் பங்குக் கோவில்: ஆட்டு மந்தையும் கணக்கேடும் – கேள்வி பதில்

கேள்வி: இடைக்காலச் சிற்றூர்க் கோவில்களைப் பற்றிப் பேசும்போது மோர்பாத்தையே எடுத்துக்காட்டுவது ஏன்?

பதில்: இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில், எக்ஸ்மூர் மேட்டுநிலத்தின் தென் விளிம்பில் உள்ள ஏழ்மையான ஊர் அது. ஏறத்தாழ 33 குடும்பங்களே அங்கு வாழ்ந்தன. 1520 முதல் 1574 வரை பங்குத்தந்தையாக இருந்த கிறிஸ்டோபர் டிரிக்கி, கோவில் வரவு செலவுகளைத் தம் கையாலேயே எழுதி, மக்கள் முன் வாசித்துக் காட்டிவந்தார். இடைக்காலத்தின் கடைசிக் காலத்து உழவர் குடிகளை ஊரோடும் பேரோடும் இவ்வளவு அணுக்கமாகக் காட்டும் ஏடுகள் மிகச் சிலவே.

கேள்வி: கோவில் செலவை யார் ஏற்றார்கள்? தசமபாகத்திலிருந்தா?

பதில்: இல்லை. தசமபாகம், அதாவது விளைச்சலில் பத்திலொன்று, குருவின் வாழ்வுக்கு உரியது. பீடப்பகுதியைப் பராமரிப்பது தசமபாகத்துக்கு உரிமையுடையவரின் கடமை என்றும், மக்கள் நிற்கும் நடுக்கூடத்தைப் பராமரிப்பது பங்கு மக்களின், அதாவது அக்கோவிலைச் சேர்ந்த ஊராரின், கடமை என்றும் இங்கிலாந்து முழுவதும் வழக்கம் இருந்தது. மோர்பாத் மக்கள் அந்தக் கடமையை ஆடுகளைக் கொண்டு நிறைவேற்றினார்கள். புனித ஜார்ஜியார், மாதா, எக்ஸிட்டர் நகரத்துப் புனிதையான சிட்வெல் ஆகியோரின் சொரூபங்களுக்கு முன் விளக்கெரிக்கத் தனித்தனி நிதிகள் இருந்தன. அவற்றுக்குச் சொந்தமான ஆடுகள் ஊராரின் மந்தைகளோடு சேர்ந்து மேய்ந்தன. எந்த ஆடு எவர் பொறுப்பில் உள்ளது, எது செத்தது, கம்பளி என்ன விலைக்குப் போனது என்பதையெல்லாம் நிதிப் பொறுப்பாளர்கள் ஆண்டுதோறும் ஊர் முன் ஒப்புவிக்க வேண்டும். இதனோடு, கோவில் மனையில் பீர் காய்ச்சி விற்று நடத்திய விருந்துகளும் பெரும் வருவாய் தந்தன. கோவிலைத் தாங்கியது பெருந்தனக்காரர் எவருமல்லர், இந்தச் சிறு ஈட்டங்களே என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

கேள்வி: பெண்களுக்கும் இளையோருக்கும் அதில் இடமிருந்ததா?

பதில்: இருந்தது. மணமாகாத ஆண்களுக்கு ஒரு நிதி, கன்னியருக்கு ஒரு நிதி என இரண்டும் தத்தம் பொறுப்பாளர்களோடு இயங்கின; கோவிலின் தலைமைப் பொறுப்பிலேயே சில ஆண்டுகளில் பெண்கள் இருந்திருக்கிறார்கள். 1534இல் கோவிலுக்குள் புகுந்த திருடன் இரசக் கிண்ணத்தையும், சிட்வெல் சொரூபத்தின் வெள்ளிக் காலணியையும் கவர்ந்து சென்றான். அப்போது இளைஞரும் கன்னியரும் ஒன்றுகூடிப் பணம் திரட்டி, பங்குக்கு ஒரு காசும் செலவில்லாமல் புதிய கிண்ணம் வாங்கிக் கொடுத்தார்கள்.

கேள்வி: சச்சரவே இல்லாமல் வாழ்ந்தார்களா?

பதில்: அப்படியில்லை. கோவில் எழுத்தரின் கூலியைப் பற்றி 1530களில் பல ஆண்டுகள் நீண்ட பிணக்கு ஒன்றே போதும்.

கேள்வி: கத்தோலிக்க வழிபாட்டை நீக்கிப் புராட்டஸ்டண்ட் முறையைக் கொண்டுவந்த சமயச் சீர்திருத்தம் இந்த ஊரை எப்படித் தொட்டது?

பதில்: பூசை மாறியதோடு ஊரின் பொதுப் பொருளாதாரமும் குலைந்தது. இறந்தோர் பூசைக்கான கறுப்புத் திருவுடை வாங்க டிரிக்கி ஏறத்தாழ 20 ஆண்டுகள் பணம் சேர்த்தார். கோவில் ஆடுகளின் கம்பளியிலிருந்து தமக்குரிய தசமபாகத்தையும் அதற்கே விட்டுக்கொடுத்தார். 1547இல் அந்த உடை கைக்கு வந்தது. அதே ஆண்டில் ஆறாம் எட்வர்டு அரியணை ஏற, சில ஆண்டுகளுக்குள் அத்தகைய பூசைகளே ஒழிக்கப்பட்டன. விளக்குகள் அணைந்தன, ஆடுகள் விற்கப்பட்டன, விருந்துகள் நின்றன. வருவாய்க்கான வழிகள் அடைபட்டதால் கோவில் கடனில் விழுந்தது. 1549இல் புதிய ஆங்கிலச் செபநூலை எதிர்த்து மேற்கில் கிளர்ச்சி மூண்டபோது, எக்ஸிட்டர் நகருக்கு வெளியே இருந்த பாசறைக்கு இவ்வூரார் 5 இளைஞர்களை அனுப்பினார்கள் என்று ஏட்டின் ஒரு பதிவிலிருந்து அறிகிறோம். அந்தக் கிளர்ச்சி இரத்தத்தில் ஒடுக்கப்பட்டது.

கேள்வி: கத்தோலிக்கரான மேரி அரசியானதும் பழையவை திரும்பினவா?

பதில்: ஓரளவு திரும்பின. வீடுகளில் ஒளித்துவைத்திருந்த சொரூபங்களையும் நூல்களையும் மக்கள் 1553க்குப் பின் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள்; ஆட்டு மந்தைகளும் பல்வேறு நிதிகளும் மட்டும் முன்போல் உயிர்பெறவில்லை. அவருக்குப் பின் வந்த எலிசபெத் காலத்தில் சட்டம் மீண்டும் புராட்டஸ்டண்ட் பக்கம் மாறியபோதும் டிரிக்கி ஊரை விட்டுப் போகவில்லை. இதைக் கோழைத்தனம் என்பாருண்டு. தம் மக்களைக் கைவிட மனமில்லாத ஒருவரையே அந்த ஏட்டில் நான் காண்கிறேன்.

கேள்வி: கணக்கேடு இன்று படிக்கக் கிடைக்கிறதா?

பதில்: 1904இல் அது அச்சேறியது. புனித ஜார்ஜியார் கோவிலும் பிற்காலத் திருத்தங்களோடு இன்றும் வழிபாட்டில் இருக்கிறது.