மங்கலான படத்துக்கு லென்ஸ்தான் காரணமா?

கேள்வி: ஓராண்டாகப் படம் எடுத்துப் பழகுகிறேன். ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார் கொண்ட) கேமராவும் 70-300 மி.மீ. லென்ஸும் இருக்கின்றன. பறவைகளை எடுத்தால் பத்தில் எட்டுப் படம் மங்கல். வீட்டில் மகளை மொபைலில் எடுக்கும் படங்களும் அப்படித்தான். பெரிய லென்ஸ் வாங்கினால் சரியாகிவிடுமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். பெரிய லென்ஸில் பறவை பெரிதாகத் தெரியும். கை நடுக்கமும் கூடவே பெரிதாகும். முதலில் படம் எதனால் கெட்டது என்று பாருங்கள். அதைப் படமே சொல்லிவிடும்.

கெட்டுப்போன படம் ஒன்றைக் கணினியில் முழு அளவுக்குப் பெரிதாக்குங்கள். பறவை, கிளை, இலை எல்லாம் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அசைந்தது உங்கள் கை. கிளையின் பட்டைச் சொரசொரப்பு வரை தெளிவாக இருக்க, பறவையின் தலை மட்டும் கலைந்திருந்தால் அசைந்தது பறவை. பறவை மழுங்கி, பின்னாலுள்ள இலையின் நரம்பு துல்லியமாக விழுந்திருந்தால் ஃபோகஸ் தவறிவிட்டது. நடுப்பகலில் தூரத்துப் பறவைகள் மட்டும் நீருக்கடியில் இருப்பதுபோல் நெளிந்தால், அது தரையிலிருந்து எழும் வெப்பக் காற்று. அதை எந்த லென்ஸாலும் சரிசெய்ய முடியாது, காலையில் போங்கள்.

கை நடுக்கத்துக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: 300 மி.மீ. என்றால் ஷட்டர் வேகம் (சென்சார்மேல் ஒளி விழும் நேரம்) குறைந்தது 1/300 நொடி. உங்கள் கேமராவின் சென்சார் சிறியது என்பதால் 1/500 வையுங்கள். லென்ஸில் நடுக்கத் தடுப்பு வசதி இருந்தால் கொஞ்சம் குறைக்கலாம். ஆனால் அந்த வசதி உங்கள் கையைத்தான் கவனிக்கும், பறவையை அல்ல. பலர் ஏமாறுவது இங்கேதான். சும்மா உட்கார்ந்திருக்கும் சின்னப் பறவைகூட வெடுக்வெடுக்கென்று தலையைத் திருப்பும். அதற்கு 1/1000 வேண்டும். பறந்தால் 1/2000-க்கு மேல். ஷட்டர் வேகத்தை நீங்கள் முடிவுசெய்து, ஐஎஸ்ஓவை (ஒளிக்கு கேமரா காட்டும் உணர்திறன்) ஆட்டோவில் விடுங்கள். ஐஎஸ்ஓ 3200 ஆனாலும் பயப்பட வேண்டாம். அதனால் படம் புள்ளி புள்ளியாகத் தெரிவதை மென்பொருளில் பெரும்பாலும் குறைத்துவிடலாம். அசைந்த படத்தை மீட்பது அநேகமாக நடக்காது.

ஃபோகஸை, அசையும் பறவையைப் பின்தொடரும் தொடர் முறைக்கு மாற்றி, ஃபோகஸ் புள்ளியைப் பறவையின் கண்மேல் வையுங்கள். கண்ணில் ஒளிப்பொட்டு ஒன்று மின்னினால் போதும், வால் சற்று மங்கினாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

மகளின் படத்துக்கும் இதே கணக்குத்தான். இரவில் அறை விளக்கில், வெளிச்சம் போதாமல் மொபைல் ஷட்டரை மெதுவாக்கிவிடும். அவள் ஓடினால் முகம் கரையும். அவளைப் பகலில் ஜன்னலோரம் விளையாட விடுங்கள். லென்ஸ்மேல் படிந்த விரல் எண்ணெயைத் துடையுங்கள். திரையில் விரலால் ஸூம் செய்யாமல் நாலடி முன்னே போய், அவள் கண் உயரத்துக்குக் குனியுங்கள். ஊஞ்சலில் ஆடும்போது கவனித்தால், உச்சிக்குப் போனதும் ஒரு கணம் அப்படியே நிற்பாள். அந்தக் கணத்தில் அழுத்துங்கள். பறவையும் கிளையில் வந்து இறங்கும் முன் சிறகை விரித்து வேகத்தைக் குறைக்கும். ஊஞ்சலில் பழகிய விரல் அதற்கும் தயாராக இருக்கும். வீட்டில் எடுக்கும் படங்களை நான் ஒருபோதும் குறைவாக நினைப்பதில்லை. காட்டில் ஒரு நாளில் ஐந்து வாய்ப்பு கிடைத்தாலே பெரிது, வீட்டில் ஐம்பது கிடைக்கும்.

இரண்டு மாதம் இப்படி எடுத்துவிட்டுப் படங்களை மறுபடி பெரிதாக்கிப் பாருங்கள். பறவை கூர்மையாக இருந்தும் சட்டத்தின் மூலையில் சின்னதாக நின்றால், இன்னும் நெருங்கினால் பறந்துவிடும் என்றால், அப்போது 400 அல்லது 600 மி.மீ. லென்ஸ் வாங்குவதில் நியாயம் உண்டு. கூட்டில் குஞ்சு இருந்தால் மட்டும், கையில் எந்த லென்ஸ் இருந்தாலும் அருகில் போகாதீர்கள். நீங்கள் அங்கே நிற்கும்வரை தாய்ப்பறவை இரையோடு வெளியேதான் காத்திருக்கும்.