இரண்டு கப் மக்ரோனி எத்தனை கிராம்?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகள் ‘மேக் அண்ட் சீஸ்’ (சீஸ் சேர்த்த மக்ரோனி) குறிப்பு ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாள். 2 கப் பாலுக்கு 2 கப் எல்போ மக்ரோனி என்கிறது. என்னுடைய அளவுக் கப்பில் ‘8 அவுன்ஸ்’ என்று போட்டிருக்கிறது. அவுன்ஸுக்கு 28 கிராம் என்று பெருக்கினால் 2 கப்புக்கு 450 கிராம் வருகிறது. அரைக் கிலோ பாக்கெட்டை அப்படியே கொட்ட வேண்டியதுதானா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கொட்டிவிடாதீர்கள்! அதில் பாதி, சுமார் 225 கிராம் போதும். 450 கிராமையும் அந்தப் பாலில் போட்டால் கரண்டி நிற்கும்.

உங்கள் பெருக்கல் சரி. வில்லங்கம் அவுன்ஸில் இருக்கிறது. கப்பில் அச்சிட்டிருப்பது திரவ அவுன்ஸ். எவ்வளவு கொள்ளும் என்பதைத்தான் அது சொல்கிறது, கிட்டத்தட்ட 240 மில்லி. 28 கிராம் என்பது எடை அவுன்ஸ். இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துக்கொண்டு அமெரிக்கர்கள் எப்படித்தான் காலம் தள்ளுகிறார்களோ! பால், தண்ணீர் என்றால் இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போகும், அதனால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. மக்ரோனிக்கு நடுவில் துளை, ஒன்றுக்கொன்று இடையில் சந்து. கப்பில் பாதிக்கு மேல் காற்றுதான். ஒரு டம்ளர் அரிசியும் ஒரு டம்ளர் அவலும் ஒரே எடையா, சொல்லுங்கள்?

வடிவம் மாறினால் எடையும் மாறும். சமைக்காத எல்போ மக்ரோனி 1 கப் சுமார் 110 கிராம். சரிவாக வெட்டிய குழாய் மாதிரி இருக்கும் பென்னே 85 முதல் 90. பட்டாம்பூச்சி மாதிரி இருக்கும் ஃபார்ஃபாலே 75தான் வரும். அரிசி போலப் பொடியாக இருக்கும் ஓர்ஸோவோ நெருக்கமாக உட்கார்ந்து 170ஐத் தொட்டுவிடும். ஆகவே ‘1 கப் பாஸ்தா’ என்று மொட்டையாக எழுதும் குறிப்புகளை நான் நம்புவதே இல்லை.

கம்பெனிக்குக் கம்பெனி கனமும் நீளமும் வேறுபடும் என்பதால், வீட்டில் தராசு இல்லாவிட்டாலும் உங்கள் பாக்கெட்டையே தராசாக்கிக்கொள்ளலாம். புதுப் பாக்கெட்டைப் பிரித்ததும் மொத்தத்தையும் கப்பால் அளந்து டப்பாவில் போடுங்கள். குலுக்கவோ அழுத்தவோ வேண்டாம், தலைதட்டி அளந்தால் போதும். 500 கிராமில் நாலரை கப் வந்தால் ஒரு கப் 110 கிராம் சொச்சம். டப்பா மூடியில் எழுதி ஒட்டிவிட்டால் அந்த பிராண்டுக்கு மறுபடி அளக்க வேண்டாம். ஸ்பகெட்டியைக் கப்பில் அளப்பது வீண்வேலை. பாக்கெட்டை ஐந்து சம பிடியாகப் பிரித்தால் பிடிக்கு 100 கிராம். நன்றாகச் சாப்பிடுகிற ஒருவருக்கு அது போதும்.

இங்கே விற்கும் சில கப்புகள் 250 மில்லி இருக்கும். மக்ரோனியில் அது ஐந்து கிராம் விவகாரம், விட்டுத்தள்ளுங்கள். (கேக்குக்கு மைதா என்றால் விடமாட்டேன்.) ஆனால் குறிப்பில் ‘வேகவைத்த மக்ரோனி 2 கப்’ என்று இருக்கிறதா என்று மகளிடம் ஒருமுறை கேளுங்கள். வெந்தால் இரு மடங்குக்குச் சற்று மேலேயே உப்பும், அப்படியானால் காய்ந்தது 1 கப் போதும்.

ஓவனில் வைக்கப்போகிறீர்கள் என்றால், பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே வடித்துவிடுங்கள். மிச்சம் பாலிலேயே வெந்துகொள்ளும்.