47-ஏ உத்தரவு வந்தாச்சு, அப்பீல் போகலாமா?

கேள்வி: காங்கேயம் பக்கம் ஒரு ஏக்கர் கொறங்காடு (மாடு மேய்க்கும் மானாவாரி மேய்ச்சல் காடு) 24 லட்சத்துக்குக் கிரயம் செய்தோம். வடக்கே ஒட்டிய காட்டில் வீட்டுமனை சைட் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லி, சதுர அடிக்கு 150 ரூபாய் மதிப்பு வைத்து சார் பதிவாளர் 47-ஏ-வில் (பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டியதாகச் சந்தேகம் வந்தால் மதிப்பை நிர்ணயிக்க மேலே அனுப்பும் முத்திரைச் சட்டப் பிரிவு) அனுப்பிவிட்டார். முத்திரைத் தனித்துணை ஆட்சியர் அதை 110 ரூபாயாகக் குறைத்து உத்தரவு போட்டு ஐந்து வாரம் ஆகிறது. இன்னும் 1,67,412 ரூபாய் கட்ட வேண்டுமாம். அப்பீல் போனால் எதை வைத்து முடிவு செய்வார்கள்? புரோக்கர் ஒருவர், "மெட்ராசுல நமக்கு ஆள் இருக்குதுங்க, நாப்பதாயிரம் குடுத்தா முடிச்சுப்போடலாம்" என்கிறார்.

பதில்: முதலில் காலண்டரைப் பாருங்கள். பதிவுத்துறைத் தலைவரிடம் அப்பீல் போட இரண்டு மாதம்தான் கெடு. ஐந்து வாரம் ஏற்கெனவே போய்விட்டது. தபால் கைக்கு வந்த நாளில் இருந்து எண்ணாமல், உத்தரவில் போட்டிருக்கும் தேதியில் இருந்து எண்ணிக்கொள்வதுதான் பத்திரம்.

அடுத்து அந்த நாற்பதாயிரம். தயவுசெய்து கொடுக்காதீர்கள். இந்த ஆட்களின் தொழில் ரகசியம் ரொம்பச் சின்னது. அப்பீலில் நியாயம் இருந்து தொகை தானாகவே குறைந்தால், "நான்தான் பேசி முடிச்சேன்" என்பார்கள். குறையாவிட்டால் போனை எடுக்க மாட்டார்கள். போன வருஷம் ஒருவர் என்னிடம் வந்தார். பணம் கொடுத்து எட்டு மாதம் காத்திருந்திருக்கிறார். விசாரித்தால், அவர் பெயரில் அப்பீல் மனுவே தாக்கல் ஆகவில்லை. பணம் போனதை விடுங்கள், கெடுவும் போய்விட்டது. இதில் இன்னொரு ரகமும் உண்டு. பதிவுக்கு முன்பே, "விலையைக் கம்மியாப் போடுங்க, 47-ஏ-வுல பாத்துக்கலாம்" என்று தைரியம் சொல்லும் ரகம். அந்தப் பேச்சை நம்பித்தான் நீங்கள் 24 லட்சம் போட்டீர்கள் என்றால் இதற்கு மேல் படிக்க வேண்டாம். 40 லட்சத்துக்கு ஓர் அக்ரிமெண்டோ, பேங்க் லோன் பேப்பரோ எங்காவது கிடந்தால் அது ஒரு நாள் எதிரில் வந்து நிற்கும்.

உண்மையிலேயே 24 லட்சம்தான் கொடுத்தீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். "நான் கொடுத்ததே அவ்வளவுதானுங்க" என்பது அப்பீலில் பதில் ஆகாது. மகள் கல்யாணம், விற்றவரின் கடன், உங்கள் கஷ்டம் எதுவும் ஆகாது. பத்திரத்தில் கையெழுத்திட்ட நாளில் அந்தக் காடு திறந்த சந்தையில் என்ன விலைக்குப் போயிருக்கும் என்ற ஒன்றுதான் அங்கே கேள்வி. பதிவுத்துறை தன் பதிவேட்டில் குறித்து வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு அதற்கு ஓர் ஆரம்பப் புள்ளி மட்டுமே. அதுவே சந்தை விலை ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிப் பல வருஷம் ஆயிற்று. ஆனாலும் எத்தனையோ உத்தரவுகள் அந்தப் பதிவேட்டைப் பார்த்து எழுதியதுபோலவே வருகின்றன.

விலையை எப்படிக் கணிப்பது என்று 1968-ஆம் வருஷத்து விதிகள் சொல்கின்றன. நஞ்சையா புஞ்சையா, தீர்வை எவ்வளவு, பாசனம் உண்டா, ரோட்டில் இருந்து எத்தனை தூரம், பஸ்ஸும் சந்தையும் எங்கே, பக்கத்து நிலம் என்ன விலை போனது, இப்படிப் போகும் பட்டியல். உங்கள் மனு இதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும். பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) தண்ணீர் பாய்கிறதா, போர் இருக்கிறதா, அடங்கலில் (விஏஓ வைத்திருக்கும் பயிர்க் கணக்கு) என்ன பயிர் என்று எழுதுங்கள். கிளுவை வேலியும் வெள்வேல மரமும் மாடு மேய்கிற புல்லும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள். சென்னையில் பைல் பார்ப்பவருக்குக் கொறங்காடு என்றால் என்னவென்றே தெரியாமல் இருக்கலாம்.

உங்கள் கேஸின் உயிர்நாடி சதுர அடிக் கணக்கு. பக்கத்துக் காட்டுக்காரர் ரோட்டுக்கு இடம் விட்டு, அனுமதி வாங்கி, கல் நட்டு, ஒவ்வொன்றாக விற்கிறார். அந்த சைட்டின் விலையை 43,560 சதுர அடியால் பெருக்கி முழு ஏக்கரின் தலையில் கட்டுவது கணக்கே இல்லை. இதை எதிர்க்க ஏக்கர் கணக்கில் நடந்த கிரயங்கள் வேண்டும். பதிவுத்துறை இணையதளத்தில் ஒட்டியுள்ள சர்வே நம்பர்களுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள், காசு கிடையாது. உங்கள் கிரயத்துக்கு முந்தைய ஒன்றிரண்டு வருஷத்து ஆவணங்களை எடுத்து நகலுக்கு மனு போடுங்கள். அண்ணன் தம்பி செட்டில்மெண்டை எடுத்து வைக்காதீர்கள், அதை யாரும் விலையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நேரில் வந்து பார்த்தார்களா என்பதும் முக்கியம். இடத்தைப் பார்ப்பதானால் உங்களுக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும். பல்லடம் பக்கத்தில் என் கட்சிக்காரர் ஒருவரின் காட்டுக்கு "இருபது அடி தார் ரோடு" என்று அறிக்கை போயிருந்தது. நானே போய்ப் பார்த்தேன். அது இட்டேரி. இரண்டு பக்கமும் கள்ளி, நடுவில் மாட்டு வண்டித் தடம், கார் பாதியிலேயே நின்றுவிட்டது. டேப் பிடித்து அளந்தால் ஒன்பதடி. அந்த போட்டோவும் புலப்படமும்தான் (சர்வே நம்பரின் அளவு வரைபடம்) எங்கள் அப்பீலைக் காப்பாற்றின. உங்கள் உத்தரவில் "சுற்றுப்புற வளர்ச்சியைக் கருத்தில் கொண்டு" என்ற ஒற்றை வரிதான் காரணமாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் காரணம் சொல்லாத உத்தரவு என்பதை முதல் வாதமாக வையுங்கள்.

ஒரு விதிவிலக்கு. கோர்ட் ஏலத்தில் எடுத்த சொத்துக்கு இந்த 47-ஏ-வே பொருந்தாது. கோர்ட் மேற்பார்வையில் பகிரங்க ஏலம் நடந்து வந்த விலையைக் குறைத்துக் காட்டியது என்று சந்தேகப்பட இடமில்லை, அதை சார் பதிவாளர் மேலே அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொல்லிவிட்டது. ஏலத்தில் எடுத்தவரிடம் இருந்து நீங்கள் வாங்கினால் இது கிடையாது, அது சாதாரணக் கிரயம்தான். கோர்ட்டில் கேஸ் நடந்து ராஜியாகி எழுதிய பத்திரமும் ஏலம் ஆகாது. உங்களுக்கு இது சம்பந்தமில்லைதான். ஆனால் ஏலச் சான்றோடு போகிறவர்களையும் வழிகாட்டி மதிப்பைக் காட்டித் திருப்புகிறார்கள் என்று மாதம் ஒருவராவது வந்து நிற்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பீலைக் கேட்பவர் பதிவுத்துறையின் தலைவர். உங்களை மாட்டிவிட்ட சார் பதிவாளருக்கும் அவர்தான் தலைவர். வாடகை அதிகம் என்று வீட்டுக்காரரிடமே போய் முறையிடுகிற மாதிரிதான் இந்த ஏற்பாடு. என் அனுபவத்தில் அங்கேயும் கீழே இருந்து புதிதாக ஓர் அறிக்கை வாங்குகிறார்கள், அதில்தான் பாதி முடிவு. சில சமயம் மறுபடி விசாரிக்கச் சொல்லி அதே மேசைக்குத் திருப்புவார்கள். அதை ஜெயித்ததாக நினைத்துவிட வேண்டாம். அங்கேயும் சரிவராவிட்டால் உயர் நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் அங்கே போகும்போது கையில் இருக்கப்போவது நீங்கள் இப்போது வைக்கிற பேப்பர்கள்தான். இதற்கிடையே பாக்கித் தொகை நிலத்தின் மேலேயே பொறுப்பாக நிற்கும், விற்கப் போனால் முட்டும்.

உங்கள் கேஸில் அப்பீல் போகலாம் என்றுதான் சொல்வேன், ஏக்கர் கணக்கில் நடந்த கிரயம் குறைந்தது இரண்டு கிடைத்தால். திங்கட்கிழமை நகல் மனு போடுங்கள். அப்பீலை சென்னை சாந்தோமில் உள்ள பதிவுத்துறைத் தலைவர் அலுவலகத்துக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியை பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். நகல் வரத் தாமதமானால் காத்திருக்காமல் ஆவண எண்களை எழுதியே மனுவைப் போட்டுவிடுங்கள், நகலைப் பின்னால் சேர்க்கலாம்.